கிணறு என்று நான் சொன்ன வட்டம்

ஜனவரி 5, திங்கள்

டைல்ஸ் கடையில் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குளியலறை டைல்ஸ் படம் இருக்கிறது. பரவாயில்லை. பிற்காலத்தில் யாராவது என் வேலைமுறையைப் பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்ட உதவும்.

இன்று நீலவேணி பம்ப்ஸ் வேலை கிடைத்தது. அவிநாசி ரோட்டில் நாலாயிரம் சதுர அடியில் புது ஷோரூம். முதலாளி அய்யாசாமிக்கு அறுபத்தெட்டு வயது, வெள்ளை வேட்டி, அதிகம் பேச மாட்டார். பேசுவதெல்லாம் அவர் மகள் ஹர்ஷிதா மேடம்தான். லண்டனில் படித்துவிட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது.

"இங்க யாரும் பம்ப் வாங்க வரக் கூடாது சார். தண்ணியோட ஒரு உறவை உணர வரணும். அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட் மாதிரி இருக்கணும். தொட்டா பதில் சொல்லணும்" என்றார் மேடம்.

"உணர்ந்துட்டு வாங்குவாங்களா?" என்று அய்யாசாமி கேட்டார். ஒன்றரை மணி நேரத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

"வாங்கறது தானா நடக்கும்ங்க" என்றேன். மேடம் என்னை மரியாதையோடு பார்த்தார்.

என்னுடைய 'வெளி டிசைன் ஸ்டூடியோ'வுக்கு எட்டு மாதத்தில் வந்த முதல் வேலை இது. நான் தேர்ந்தெடுத்துத்தான் வேலை செய்கிறேன். வரும் வழியில் காஸ் புக் செய்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

மூன்று டிசைன் காட்டினேன். மூன்றையும் மேடம் தள்ளிவிட்டார். "இதெல்லாம் ஹோட்டல் லாபியில இருக்கு சார். இன்டர்நெட்ல தேடி எடுத்த மாதிரி இருக்கு."

இன்டர்நெட்டில் தேடித்தான் எடுத்தேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் ஆச்சரியம்.

பத்தொன்பதாம் தேதி கடைசி வாய்ப்பு. அதுவும் பிடிக்காவிட்டால் வேலை பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குப் போய்விடும்.

ஜனவரி 12, திங்கள்

ஒன்றும் தோன்றவில்லை. காருக்குக் காற்று அடித்தேன்.

ஜனவரி 14, புதன், போகி

வாணி காலையிலேயே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். வாணி என் மனைவி. பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். ஆறாம் வகுப்புக்குக் கிளியும் ஏழாம் வகுப்புக்கு மாம்பழமும் வரையச் சொல்லித் தருகிறாள்.

"பரண்ல என்ன இருக்குன்னே தெரியலைங்க. வேண்டாததைக் கீழ போடுங்க. வேணும்னா மட்டும் வையுங்க."

பழைய மிக்ஸி, உடைந்த கொசுவலைச் சட்டம், எனக்குக் கல்யாணத்தில் வந்த ஏழு சுவர்க் கடிகாரங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பழைய புடவையில் சுற்றிய நீளமான உருளை. பிரித்தால் கான்வாஸ். மொத்தம் பதினொன்று. வாணி கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவள். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் வைத்து ஏதோ வரைந்துகொண்டிருப்பாள். பிறகு அவளுக்கே ஆர்வம் போய்விட்டது.

பெரியது ஆறடி இருக்கும். முழுக்க மஞ்சள். அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, எங்கோ போக நினைத்து மனம் மாறியது போல வளைந்து நிற்கிறது. இடது கீழ் மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். இந்த வட்டம் எப்படி வந்தது என்று எனக்கு நினைவில்லை.

தற்செயலாகச் சில போட்டோ எடுத்தேன். பதினொன்றையும்தான்.

உருளையைத் திரும்பப் புடவையில் சுற்றி இருந்த இடத்திலேயே வைத்தேன். கடிகாரங்களைக் கீழே போட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

வேலை உறுதியானது!

மேடம் திரைக்குக் கிட்டே வந்து அந்த மஞ்சள் படத்தின் மூலையைப் பார்த்தார். பிறகு, "சார், இந்த வட்டம்?" என்றார்.

"கிணறு" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது. "மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற கிணறு. இந்த மஞ்சள், வெயிலில் காய்கிற நிலம். கறுப்புக் கோடு, தண்ணியைத் தேடி அலையற மனுஷனோட தடம்."

மேடத்துக்குக் கண் கலங்கியது. அய்யாசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யார் வரைஞ்சது?" என்றார்.

"எங்க ஸ்டூடியோவுலதாங்க" என்றேன். யோசித்துப் பார்த்தால் அது பொய் அல்ல. ஸ்டூடியோவின் பதிவு முகவரி எங்கள் வீடுதான். வரைந்ததும் எங்கள் வீட்டில்தான்.

வாணியிடம் சொல்ல வேண்டும். முழுசாக முடிந்த பிறகு சொன்னால் இன்ப அதிர்ச்சியாக இருக்கும்.

ஜனவரி 20, செவ்வாய்

சாப்பிடும்போது வாணி, "பரணைச் சுத்தம் பண்ணிக் கொடுத்ததுக்கு தேங்க்ஸ்ங்க. எல்லாத்தையும் நல்லாப் பார்த்திருக்கீங்க" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் வீட்டு வேலைக்காக அவள் என்னைப் பாராட்டியது இதுவே முதல் முறை. மாதம் ஒரு முறை ஏதாவது சுத்தம் செய்யலாம் என்றிருக்கிறேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஷோரூமின் முழு வடிவமும் வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் நாற்பதடி நீளச் சுவர். அதில் அந்த மஞ்சள், அந்தக் கோடு, ஏழடி விட்டத்தில் அந்த வட்டம். முப்பத்தாறு இடங்களில் சென்சார். மஞ்சளைத் தொட்டால் காற்றுச் சத்தம். கோட்டைத் தடவினால் காலடிச் சத்தம். கடைசியில் வட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், ஒரு பெண் குரல் "நீர் உங்களை அழைக்கிறது" என்று சொல்லும், தரை திறந்து ஒரு பம்ப் மேலே எழும்பி வரும். இந்த வரிசையில் தொட்டால் மட்டும்தான் வரும். அதுவரை ஷோரூமில் பம்ப் கண்ணில் படாது. பெயர்ப்பலகை இல்லை, விலை அட்டை இல்லை, கவுண்டர் இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மஞ்சள் பிடிபடவே இல்லை. பெயின்ட் கம்பெனியின் கலர் அட்டையை மேசையில் விரித்து ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாணி எதிரே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அது இல்லைங்க. அதுக்கு ரெண்டு கட்டம் கீழ. கொஞ்சம் அழுக்கா இருக்கு பாருங்க, அது."

போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதேதான்.

"எதுக்குன்னு தெரியாமயே சரியாச் சொல்லிட்டியே!" என்றேன்.

"ஊகந்தான்" என்றாள்.

டீச்சர் வேலையில் இப்படிச் சில சின்னத் திறமைகள் வந்துவிடும் போலிருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று மருதாசலத்தைச் சந்தித்தேன். பழைய கடையில் இருபத்திரண்டு வருஷமாக கவுண்டரில் நிற்கிறவர். இனிமேல் அவருக்குப் பதவி 'அனுபவ வழிகாட்டி'. சாம்பல் நிறத்தில் காலர் இல்லாத சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறோம். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், பம்ப் எங்கீங்க?"

"இருக்கு. தேடினதுக்கு அப்புறம் வரும்."

"கஸ்டமர் எதுக்குங்க தேடோணும்? அவுங்க போர்ல தண்ணி கீழ போயிருச்சு, தென்னை காயுது, அதுக்குத்தானுங்க வாராங்க. தேடச் சொன்னா பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்களே."

மருதாசலத்துக்குப் பொறுமையாக விளக்கினேன். கலையில் பதில் முக்கியமில்லை, கேள்விதான் முக்கியம் என்றேன்.

"எண்ணூறு அடி போருக்கு எத்தனை எச்பி போடோணும்? இதுதானுங்க கேள்வி" என்றார்.

சிலருக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது.

பிப்ரவரி 26, வியாழன்

வீட்டில் இரண்டு நாளாகப் பெயின்ட் வாசனை. பின் அறையில் வாணி எதையோ வரைகிறாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு பேனராக இருக்கும். கேட்கவில்லை. தண்ணீர் லாரி வந்தது.

மார்ச் 9, திங்கள்

சோதனை ஓட்டம். அய்யாசாமி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பதினாறு விவசாயிகளை வேனில் வரவழைத்திருந்தார். இதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

பதினாறு பேரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவர், "சாமி எங்கிருக்குதுங்க?" என்றார்.

யாரும் சுவரைத் தொடவில்லை. பெயின்ட் காயவில்லை என்று நினைத்துவிட்டார்கள். மேடம், "தொடுங்க, உணருங்க" என்று மைக்கில் சொன்னதும் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும் தைரியமாக மஞ்சளைத் தொட்டார். காற்றுச் சத்தம் வந்தது. "ஏதோ ஃபேன் ஓடுது, நிறுத்துங்க கண்ணு" என்றார். நீலச் சட்டைக்காரர் ஒருவர் வட்டத்தில் நேராகக் கையை வைத்துவிட்டார். வரிசை தப்பியதால் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. வடிவமைப்பின்படி அது 'மௌனம்'. கரண்ட் போய்விட்டது என்று எல்லாரும் வெளியே போய் நின்றார்கள்.

நாற்பது நிமிஷத்தில் ஒரே ஒரு பம்ப் மேலே வந்தது. அதுவும் மருதாசலம் தொட்டதால். அது வந்தபோது அந்த இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அடியொன்றும் படவில்லை.

திரும்பும்போது அய்யாசாமி வேனுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் கையெடுத்து மன்னிப்புக் கேட்பது போலத் தெரிந்தது. நன்றி சொல்லியிருப்பார்.

என்னிடம் வந்து, "ஏப்ரல் பதினேழு திறப்பு விழா. அதுக்குள்ள சரியாகலைன்னா சுவத்துக்கு வெள்ளை அடிச்சு கவுண்டரைப் போட்டுருவேன்" என்றார். இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

காய்ச்சல். வாணி ரசம் வைத்துக் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். சுவரில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. "அவங்க செருப்பைக் கழட்டினாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "எல்லாருமா? உள்ள வந்து கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னாங்களா?" என்றாள்.

நின்றார்கள், ஆனால் ஒன்றும் புரியாமல் நின்றார்கள் என்றேன்.

அவள் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள். காய்ச்சலில் கிடக்கிறவனைத் தனியாக விட்டுவிட்டு.

மார்ச் 16, திங்கள்

மருதாசலம் போனில் சொன்னார்: "நேத்து ஒரு அம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க சார். காட்டன் சேலை, டீச்சர் மாதிரி இருந்தாங்க. ஒரு மணி நேரம் அந்தச் சுவத்தையே பாத்துட்டு நின்னாங்க. அப்புறம் என்ரகிட்ட கஸ்டமரெல்லாம் என்ன கேப்பாங்கன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

பெங்களூர்க் கம்பெனி அனுப்பிய உளவாளியாக இருக்கலாம். இனி யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வாணி எங்கே போயிருந்தாள் என்று கேட்க மறந்துவிட்டேன். கேட்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

அக்கிரமம். ஷோரூம் சுவர் முழுக்க அட்டைகள்! மஞ்சள் பகுதியில்: 'திறந்த கிணறு. ஐம்பது அடிக்குள் தண்ணீர் இருந்தால் இங்கே தொடுங்கள்.' கறுப்புக் கோட்டின் வளைவில்: 'போர். உங்கள் போர் எத்தனை அடி? கோட்டில் அந்த ஆழத்தைத் தொடுங்கள்.' கோடு நெடுக இருநூறு, நானூறு, அறுநூறு, எண்ணூறு என்று அடிக்கணக்கு. ஒவ்வொரு அட்டையும் அந்தந்த இடத்து நிறத்திலேயே, கண்ணை உறுத்தாமல், குண்டு குண்டான அழகான கையெழுத்தில்.

"யார் ஒட்டினது?"

"நானுங்க" என்றார் மருதாசலம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷம் பில் எழுதியவருக்கு இப்படி ஒரு கையெழுத்து இருப்பது வியப்புதான்.

மார்ச் 24, செவ்வாய்

மறுபடி ஒட்டப்பட்டிருக்கிறது. கிழிக்கப் போகும் நேரத்தில் மேடம் வந்துவிட்டார். ஒவ்வொன்றாகப் படித்தார். நாற்பதடியும் நடந்தார்.

"சார்! எழுத்தும் ஓவியமும் ஒண்ணாக் கலந்திருக்கு. இந்தக் கோடு இப்ப ஆழம் ஆயிடுச்சு. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"சோதனை ஓட்டத்துல கவனிச்சதுதான் மேடம்" என்றேன்.

மருதாசலம் இருமினார்.

சென்சாரை அட்டைகளுக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லிவிட்டேன். எந்த இடத்தைத் தொட்டாலும் அதற்குரிய பம்ப் வரும். மேடத்தின் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான்.

ஏப்ரல் 2, வியாழன்

அதே பதினாறு பேர். இந்த முறையும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் தொட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு தொட்டார்கள். "எனக்கு எழுநூறு அடிங்க, நகருங்க" என்று ஒருவரையொருவர் தள்ளினார்கள். நாலு பம்ப் அங்கேயே விற்றுப்போனது. 'சாமி எங்கே' என்று கேட்டவர் போகும்போது வட்டத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அய்யாசாமி என் தோளில் தட்டினார்.

ஏப்ரல் 11, சனி

திறப்பு விழா அழைப்பிதழ் வந்தது. 'கருத்தும் கலையும்: திருச்செல்வன்' என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். 'குடும்பத்துடன் வருக' என்றும் இருக்கிறது. வாணிக்கு அன்று பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை இருக்கும். தொந்தரவு செய்ய வேண்டாம். அழைப்பிதழை டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

இருநூறு பேர் வந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், ரிப்பன் வெட்டினார்கள். ஒரு பத்திரிகைக்காரப் பெண் அந்த வட்டத்தைப் பற்றிக் கேட்டாள். மைக்கைக் கொடுத்தார்கள்.

"சின்ன வயசுல எங்க தோட்டத்துக் கிணத்துல எட்டிப் பார்ப்பேன். அடியில் ஒரு வட்ட வானம் தெரியும். அந்த வட்டம் எனக்குள்ளேயே தங்கிடுச்சு" என்றேன். நான் வளர்ந்தது சிங்காநல்லூர் ஹவுசிங் யூனிட்டில், இரண்டாவது மாடியில்.

கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. காட்டன் சேலை. வாணி.

"சார், ஒரு சந்தேகம். அந்தக் கிணறு எத்தனை விசில் விட்டுச்சு?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள். நான், "கலைக்குப் பல விளக்கம் உண்டு" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி பதினாலாம் தேதி இதே டைரியில் 'நினைவில்லை' என்று எழுதியது பொய். நினைவிருந்தது. பார்த்த நொடியே நினைவுக்கு வந்தது. பத்து வருஷம் முன்னால் ஒரு மத்தியானம், பசியோடு வந்தேன். மேசையில் கான்வாஸ் காய்ந்துகொண்டிருந்தது. அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து குக்கரை இறக்கி நேராக அதன் மேல் வைத்தேன். வேறு இடம் இருந்தது. அவள் கீழே வந்து பார்த்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு பேப்பரைப் போட்டு வெச்சிருக்கலாமில்ல, மேசை வீணாகியிருக்கும்" என்று நான்தான் அவளைத் திட்டினேன். அவளுக்கு ஆர்வம் போனது அந்த வாரம்தான்.

ஏப்ரல் 18, சனி

அவள் கத்தவில்லை. தோசை ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"போகி அன்னிக்கே தெரியும்ங்க. புடவையை நான் இடது பக்கமா மடிப்பேன். நீங்க வலது பக்கமா மடிச்சு வெச்சிருந்தீங்க."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒரு வாரம். அப்புறம் ஒரு மாசம். அப்புறம் எவ்வளவு நாள் சொல்லாம இருப்பீங்கன்னு பார்க்கலாம்னு தோணுச்சு."

"அந்த அட்டையெல்லாம்..."

"நான்தான். உங்களுக்காக எழுதலை. அந்த ஆளுங்க செருப்பைக் கழட்டிட்டு வந்து என் படத்துக்கு முன்னாடி நின்னுருக்காங்க. அவங்களுக்கு வேண்டியது கிடைக்காம திரும்பக் கூடாதில்ல?"

மன்னிப்புக் கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"எனக்கு எதுக்கு அது? திங்கட்கிழமை போய் அய்யாசாமி சார்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா புருஷன் பெண்டாட்டிச் சண்டைன்னு நினைப்பாங்க. நீங்க சொன்னாத்தான் விஷயமா இருக்கும்."

பின் அறையைத் திறந்து பார்த்தேன். ஆண்டு விழா பேனர் இல்லை. நாலு புதிய கான்வாஸ். ஒன்றைப் பற்றியும் எனக்குச் சொல்வதற்கு எதுவும் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

போனேன். ஏசியில் சத்தம் வருவது பற்றி அய்யாசாமியோடு இருபது நிமிஷம் பேசினேன். வந்துவிட்டேன்.

வாணி கேட்டாள். ஏசி என்றேன். அவள் பேப்பர் திருத்தப் போய்விட்டாள்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அய்யாசாமி, மேடம், டீ கொண்டுவந்த மருதாசலம் மூவரும் இருந்தார்கள். படங்கள் என் மனைவியுடையவை, அவளைக் கேட்காமல் எடுத்தேன், அட்டைகளும் அவள் எழுதியவை, கிணறு என்று நான் சொன்னது குக்கர் பட்ட கறை என்று வரிசையாகச் சொன்னேன். கறை என்றதும் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிணறுன்னு போட்டு ரெண்டாயிரம் கையேடு அடிச்சாச்சு சார்" என்றார் முதலில். பிறகு குரல் மாறியது. "லண்டன்லயிருந்து வந்ததுலேர்ந்து இந்த ஊர்ல எனக்கு நெஜமாப் பட்டது அது ஒண்ணுதான். அப்பாகிட்டச் சண்டை போட்டு அதைக் காப்பாத்தினேன். நீங்க கிணறுன்னு சொன்னதும் அழுதேன், தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அய்யாசாமி டீயைக் குடித்து முடித்தார். "அப்ப நீங்க என்னதான் பண்ணீங்க?"

யோசித்தேன். நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது.

"அளவு எடுத்தேங்க."

"சுவர் நேரா நிக்குது. அதுக்கு உங்களுக்கு நன்றி" என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

மேடம், "அவங்க நம்பர் குடுங்க" என்றார். நான் போனை எடுப்பதற்குள், "என்ரகிட்ட இருக்குதுங்க" என்று மருதாசலம் சொன்னார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வாணி காலையிலேயே தூரிகையோடு ஷோரூமுக்குப் போனாள். மருதாசலம் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டாராம். சுவரின் வலது கீழ் மூலையில் 'கோகிலவாணி' என்று தன் முழுப் பெயரை எழுதிவிட்டு வந்தாள். வட்டத்தை அழித்துவிட்டாயா என்று கேட்டேன்.

"எதுக்கு அழிக்கணும்? அதுவும் இப்ப படத்துல ஒரு இடம். ஆனா கிணறுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்ப என்னன்னு சொல்வாங்க?"

"குக்கர்னு."

மே 8, வெள்ளி

கேட்பவர்களிடம் மருதாசலம் குக்கர் என்றே சொல்கிறாராம். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்காரரையும் அழைத்து வந்து அதைக் காட்டிவிட்டுப் போகிறார்களாம். பம்ப் விற்பனை எப்படி என்று நான் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருக்கும்.

கரண்ட் பில் கட்டினேன். பல் வலி.

மே 20, புதன்

சேலத்தில் அடுத்த ஷோரூம். வாணியைக் கேட்டிருக்கிறார்கள். நேரடியாக, அவள் பெயருக்கே கடிதம். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ், கிளி மாம்பழத்துக்கெல்லாம் யார் என்று கேட்டாராம். பிள்ளைகளே ஏதாவது வரையட்டும், விட்டுவிடுங்கள் என்றாளாம்.

அவளுடைய நிபந்தனைகள் இரண்டு. வரைவதற்கு முன்னால் ஒரு மாதம் பழைய சேலம் கடையின் கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். பம்ப் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும்.

என்னைப் பற்றி நிபந்தனை எதுவும் இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை. கொஞ்சம் பட்டேன்.

மே 31, ஞாயிறு

நானாகவே கேட்டேன். "சேலத்துக்கு நான் வண்டி ஓட்டட்டுமா?"

"பஸ் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கான்வாஸ் பஸ்ல ஏத்த முடியாது" என்றாள்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். டிக்கியைக் காலி செய்து, அடியில் ஒரு சுத்தமான போர்வை விரித்தேன்.

ஜூன் 4, வியாழன். சேலம்

காலையில் கிளம்பி பத்து மணிக்கு வந்து சேர்ந்தோம். பவானி தாண்டியதும் ரோட்டோரத்தில் ஒரு சோளக்காட்டைப் பார்த்து, "நிறுத்துங்க" என்றாள். இறங்கிப் போய் வரப்பில் நின்று பார்த்தாள். என்ன பார்க்கிறாள் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் நாளைக்கு நானே யாரிடமாவது அதை எடுத்துச் சொல்வேன் என்று தோன்றியது. வண்டியிலேயே இருந்தேன்.

புது ஷோரூமில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. வாணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மேஸ்திரி ஓடி வந்து அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். உட்காரவில்லை. ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இந்த இடத்தில் இன்னும் சொரசொரப்பாக வேண்டும் என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சாரத்தின் மேலிருந்து ஒரு கொத்தனார் குனிந்து பார்த்தார்.

"நீங்க யாருங்க?"

கருத்து, கலை, வெளி டிசைன் ஸ்டூடியோ, எல்லாம் வாய் வரை வந்தது.

"படம் வரையறவங்களோட வீட்டுக்காரர்."

"அப்படிங்களா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், சாந்து விழுகும்."

தள்ளி நின்றேன். அங்கிருந்து சுவர் முழுசாகத் தெரிந்தது.